எறிந்தேன் என்ற சொல்

மழை தவறாத மருதக்கோட்டு நாட்டை ஆளும் எழினிக்கோ மாமன்னர் திருவடி வாழ்க. அவர்தம் வடகோட்டைப் படைக்கலச்சாலையைக் கண்ணும் கருத்துமாய்க் காத்துவரும் எயினன் ஆதனார் நீடு வாழ்க. அமைச்சர் காரி நன்னாகனார் நலம் வினவி விடுக்கும் ஓலை.

போரில் கவசமும் வாளும் உடையும் இழந்த படைத்தலைவர்க்கெல்லாம் சாலையிலிருந்து புதியன அளிக்கவேண்டும் என்பதும், இழக்காமல் தாமே எறிந்தவர்க்கு ஒன்றும் அளியாது பட்டம் பறித்து நாடு கடத்தவேண்டும் என்பதும் தாங்கள் அறிந்த அரசாணை. அதன் இரண்டாம் வரியை எழுதிச் சேர்த்தவர் நன்னாகனாரே. அன்று எழுதிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். இன்று அதே வரியை எழுதியதற்கு வருந்துகிறார்.

காரணம், கருவாற்றுப் போரில் நின்ற படைத்தலைவன் பூதன் வெண்கோடன். படைக்கலம் எங்கே என்று ஓலை எழுதுவோர் கேட்டபோது ஏனையோர் எல்லாரும் இழந்தோம் என்று சொல்லிப் போயினர். ஓடுகிற ஓட்டத்தில் கழற்றிப் போட்டவரும் அவர்களுள் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. வெண்கோடன் மட்டும் எறிந்தேன் என்றான். வெள்ளத்தில் படகு கவிழ்ந்து, புண்பட்ட வீரர் மூழ்கக் கண்டவன், இரும்பைச் சுமந்து நீந்த இயலாதென்று கவசமும் வாளும் மேலுடையும் ஆற்றில் எறிந்து குதித்து, பதினொருவரைக் கரையேற்றினான். சொல்லை மாற்றுமாறு ஓலை எழுதுவோர் மும்முறை மன்றாடினர். ஆற்றின்மேல் பழி போடமாட்டேன் என்று மறுத்துவிட்டான்.

நாளை மறுநாள் வடகோட்டையில் படை அணிவகுப்பு. வெறும் மார்போடு நின்றால் ஆணைப்படி அவன் பட்டம் போகும், நாடும் போகும். ஆணையைத் திருத்தவல்ல மன்னரோ ஏழு நாள் வழியில், தென்கடல் யாத்திரையில் இருக்கிறார். இவ்வோலை கொணரும் குதிரைவீரன் உரிய வேளையில் வந்து சேர்வானோ, சேர்ந்தாலும் தாங்கள் ஆணையின் எழுத்தையே பிடித்துக்கொண்டு நிற்பீர்களோ என்று நன்னாகனார் இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறார்.

ஆதலால் ஓலை கண்டவுடன் வெண்கோடனுக்கு உடையும் கவசமும் வாளும் அளிக்க. ஏட்டில் எறிந்தான் என்ற சொல்லை அழிக்கவேண்டா. எறிந்து பதினொருவரை எடுத்தான் என்று அதனருகே பொறிக்க. மன்னர் மீண்டு வந்து சினந்தருளினால், பட்டம் இழந்து நாடு கடப்பவர் நன்னாகனார் ஆகுக, தாங்கள் அல்ல.

இது முத்திரை ஆணை. அரக்கில் முத்திரை சற்றே சாய்ந்திருக்கும். பொய் முத்திரை என்று ஐயுற வேண்டா. குதிரை காத்து நிற்க, விரைந்து இட்டது.