ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல்கள்

ஜூலை 1, திங்கள்

இந்த அலுவலகம் வருடத்தில் பத்து மாதம் என் பிற்பகல்களைத் திருடுகிறது. வேலை மதியத்தோடு முடிந்துவிடும். ஆனாலும் ஐந்து மணிவரை நாற்காலியைத் தேய்க்க வேண்டும். கோடையில் மட்டும் வெயிலுக்குப் பயந்து இரண்டு மணிக்குக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த இரண்டு மாதம் இன்று தொடங்கியது.

தூனிஸில் இந்த இரண்டு மாதமும் எந்த வீட்டு ஏசியும் சொன்ன பேச்சு கேட்காது. அலுவலகம் விட்டதும், கூட வேலை பார்க்கும் வஜ்தியின் பழைய வேனில் ஏறினேன். பென்ஷன் கவுண்டர்க்காரன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மெக்கானிக் சட்டை மாட்டிக்கொண்டேன். ஹரீஸா மிளகாய் விழுது வழிய டூனா ரொட்டியை ஓடும் வண்டியிலேயே தின்றோம். இருட்டுவதற்குள் மூன்று வீட்டு ஏசியைச் சரிசெய்தோம்.

செப்டம்பரில் பாப் அல்கத்ராவில் ஏசி பட்டறை போட ஒரு கராஜ் எடுக்கிறோம். இருவரும் ஒரே நாளில் வேலையை விடுகிறோம். அதுதான் பேச்சு. வாடிக்கை இல்லாதவனுக்கு இடம் தரமாட்டேன் என்கிறார் கராஜ்காரர். ஆக, இந்தக் கோடையில் பெயர் எடுத்தாக வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் அந்த நாற்காலி.

ஜூலை 4

பிற்பகல் காவல் ஒன்று இருக்கிறதே, அதுதான் பயம். கதவைச் சாத்தினாலும் ஒருவர் மாலைவரை உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. கிளைத் தலைவர் ஹாஜி முக்தார் யார் பெயரை எழுதுகிறாரோ அவனுக்கு அந்த மாதம் போச்சு. ஜூலைக்குப் பக்கத்துக் கவுண்டர் ஸுஹ்ரா அக்கா. ஆகஸ்ட் முறைப்படி வஜ்திக்கு வரும்.

வஜ்தி ஒரு வழி சொன்னான். ஹாஜி வீட்டுக்குப் புது ஏசி வந்திருக்கிறதாம். "காசு வாங்காம மாட்டிக் குடுத்துருவோம் மச்சான். அப்புறம் நம்ம ரெண்டு பேரு பக்கமும் அவரு பேனா திரும்பாது."

சரி என்றேன். எல்லோரும் செய்வதுதான். ஒருத்தன் ஆலிவ் எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பான், ஒருத்தன் மீன். எங்களிடம் இருப்பது கை.

ஜூலை 14, ஞாயிறு

ஹாஜி வீட்டில் காலை முழுக்க. சுவர் துளைத்தது, குழாய் வளைத்தது, கேஸ் அடைத்தது எல்லாம் நான். வஜ்தி கூடத்தில் ஹாஜியோடு காபி குடித்துக்கொண்டிருந்தான். பேச்சு அவன் வேலை என்று நினைத்துக்கொண்டேன். குளிர் காற்று வந்ததும் ஹாஜி அதன் நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு எத்தனை வீடு பார்க்கிறாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். வாய வச்சுகிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூலை 26

நான்கு வீடு. முதுகு ஒடிந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூலை 30

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஆகஸ்ட் முழுவதும் — நான்.

வஜ்திக்கு மாதம் முழுக்க விடுப்பு. ஒரே கையெழுத்தில் கிடைத்திருக்கிறது. "என்னடா இப்படிப் பண்ணிட்டாரு மனுஷன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

ஹாஜியிடம் போய் நின்றேன். குரலை உயர்த்தவே இல்லை அவர். "தம்பி ஷுக்ரி, அரசாங்க ஊழியன் வெளிய வேலை பாக்கக் கூடாது. நான் கண்டும் காணாம இருக்கேனே, அதுவே பெருசு. போய் உக்காரு."

எங்கே கண்டார்? அவர் வீட்டுச் சுவரில் கண்டார். கொண்டுபோய்க் காட்டினது யாரு? நான்தான்.

ஜூலை 31

ஸுஹ்ரா அக்கா மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பட்டியல் எழுதும்போது அவள் கோப்போடு ஹாஜியின் அறையில் நின்றிருக்கிறாள்; வஜ்தியும் அங்கே இருந்திருக்கிறான். ஹாஜி முதலில் எழுதப் போனது வஜ்தியின் பெயரைத்தான். வஜ்தி சொன்னானாம்: "ஷுக்ரியப் போடுங்க ஹாஜி. அவனுக்குப் புள்ளையா குட்டியா? உங்க மருமகன நான் கூட வச்சுக்கறேன், சும்மாதான இருக்காரு."

ஆறு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா. புள்ளை இல்லைன்னா எனக்கு வாழ்க்கையே இல்லையா?

ஆகஸ்ட் 5

ஷஹீலிக் காற்று அடிக்கிறது. பாலைவனத்து அனல் முழுக்க ஜன்னல் இடுக்கு வழியாக மேசையில் மணலாகக் கிடக்கிறது. மாலைவரை ஒரு ஜீவன் வரவில்லை. யாருக்காகக் காவல்? பூட்டிய கவுண்டருக்கா?

தெருவில் அந்த வேன் போனது. என் இடத்தில் ஹாஜியின் மருமகன் ராமி. எங்கள் வாடிக்கைக்காரர்கள் என் எண்ணுக்கு அழைக்கிறார்கள். வர முடியாது, வர முடியாது என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டுவிட்டது. வஜ்தி போனை எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 16

கராஜ் கிடைத்துவிட்டதாம். ராமி பெயரில்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அலுவலக ஏசி மதியத்தோடு நின்றுவிட்டது. நான் பார்க்கிறேன் என்று எழுந்தேன். ஹாஜி தடுத்தார். "நீ ஊழியன்ப்பா. நீ தொட்டா சட்டப்படி தப்பு. வெளிய ஆள் சொல்லியிருக்கேன்."

வந்த ஆள் வஜ்தி. பின்னால் ராமி, கையில் ரசீதுப் புத்தகம். வஜ்தியும் ஊழியன்தானே என்று ஹாஜியைக் கேட்டேன். அவன் விடுப்பில் இருக்கிறான், ரசீது ராமியுடையது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

தரை வழுக்குகிறது, ஏணியைப் பிடித்துக்கொள் என்றான் ராமி. பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. வஜ்தி மேலே ஏறினான். அவன் செருப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது.

"வஜ்தி," என்றேன். "காரணத்தச் சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. என் மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு காரணம் சொல்லு."

அவன் ராமியிடம் சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கேட்டான்.