மார்கரீத் ஒருத்திதான்

9 ஜூன் 2025

இரண்டு வருடமாகப் பழைய பதிவேடுகளைப் படித்துத் தட்டச்சு மட்டுமே செய்துகொண்டிருந்தேன். இன்றைக்குத் திருவனந்தபுரம் ஆபீஸில் முதல்முறையாக ஒரு குடும்பத்தின் மூதாதையரையே தேடக் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் படித்த பிரெஞ்சு ஐம்பது வயதில் சோறு போடுகிறது, பாரேன்!

கேட்டிருப்பவர் எலேன் சான்சூசி. கனடாவில் கியூபெக், ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபத்து நாலு வயது. சான்சூசி என்றால் கவலையில்லாதவன் என்று அர்த்தம். எப்பேர்ப்பட்ட குடும்பப் பெயர்! முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த முதல் தம்பதி யார் என்று தெரியவேண்டுமாம். ஜூலை 26-ல் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி, அவர்கள் பெயரில் ஊரில் கல் நடப்போகிறார்கள்.

17 ஜூன்

கிடைத்துவிட்டது! 1672, கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை, படைவீரன், ‘ழாக் பெரோன் தி சான்சூசி’. பெண் மார்கரீத் துவால், பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த அனாதை.

‘தி’ (dit, பிரெஞ்சில் மூன்று எழுத்து) என்றால் ‘சொல்லப்படுகிற’. இன்னார் மகன் என்று சொல்லப்படுகிறவன். முதலில் அப்பா பெயர், அப்புறம் தன் பெயர், நம்மைப் போலத்தான். ஆக அப்பா பெரோன், மகன் சான்சூசி. ஞானஸ்நானப் பதிவுகளில் பெரோனுக்கு ஆறு பிள்ளைகள், சான்சூசிக்கு ஐந்து. இரண்டு பேர் மனைவியும் மார்கரீத் துவால். அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை. (எனக்கோ தாலி ஏறின மறுமாதமே இனிஷியல் மாறிவிட்டது.) மாமியாரும் துவால், மருமகளும் துவால் என்றால்? தாய்மாமன் பெண்ணைக் கட்டியிருக்கிறான், அவளுக்கு அத்தை பெயரையே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே.

24 ஜூன்

அப்பா, மகன், இரண்டு மனைவிமார் என்று நாலு பெயரும் அனுப்பியாயிற்று. கல் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டதாக எலேன் பதில் போட்டிருக்கிறார்.

29 ஜூன், ஞாயிறு

ஆரியசாலை மளிகைக் கடையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. அழைப்பவர் பெயர், ‘குற்றாலலிங்கம் (எ) காயம் அண்ணாச்சி’. இருபத்தைந்து வருடமாக அவரிடம் பெருங்காயம் வாங்குகிறேன், அவர் பெயர் குற்றாலலிங்கம் என்று இன்றைக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் சிரித்தார். “அங்க போயி குற்றாலலிங்கம்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது கேட்டோ. அதுக்குத்தான் அந்த ‘எ’ போட்டிருக்கு.”

அந்த ‘எ’.

ஐயோ. ‘என்கிற’! பெரோன் என்கிற சான்சூசி! அப்பாவும் இல்லை மகனும் இல்லை, ஒரே ஆள். பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயர் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

30 ஜூன்

பதினொரு பிள்ளைகளையும் வருட வரிசையில் போட்டுப் பார்த்தேன். 73 பெரோன், 75 சான்சூசி, 76 பெரோன், 78 சான்சூசி... மாமியாரும் மருமகளும் முறைபோட்டுப் பெற்றார்கள் என்று நினைத்தாயாக்கும், மங்கலம்? இதை முன்னாடியே செய்வதற்கு என்ன கேடு? பாதிரியாருக்கு எந்தப் பெயர் வாயில் வந்ததோ அதை எழுதியிருக்கிறார். தாய்மாமனாம், பெண்ணாம்! இல்லாத ஒருவனை உண்டாக்கி, அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்திருக்கிறேன். அது அங்கே கல்லில் ஏறப்போகிறது.

மேலாளர் ராகேலிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றால், அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்றெ கர்த்தாவே! அப்ப பதினொண்ணும் ஒரே ஆளோ பெத்தது?” பிறகு, “மெயில் நீங்கதன்னெ எழுதணும் சேச்சி. ஒண்ணும் மறைக்கண்டா.”

எழுதினேன். தாய்மாமன் பெண் கதை உட்பட எல்லாம்.

அனாதையாகக் கப்பலேறி, பனியில் இறங்கி, பதினொன்றையும் பெற்று, ஒன்றைக்கூடச் சாகக்கொடுக்காமல் வளர்த்து... அவளுடைய அடக்கப் பதிவிலும் மார்கரீத் துவால்தான். இப்படி ஒருத்தியை நான் இரண்டாகப் பிய்த்துப் போட்டேனே.

2 ஜூலை

பதில் வந்துவிட்டது. திறக்கவே கை வரவில்லை.

உச்சியில் தலைப்புக்கு இடம் விட்டு, முதல் வரியில் பெரோனையும் அடுத்த வரியில் சான்சூசியையும் வெட்டியாகிவிட்டதாம். மனைவிகளை இன்னும் தொடவில்லையாம். ‘கல்லை மாற்ற வேண்டாம். நடுவில் தி என்று சேர்க்கச் சொல்லிவிட்டேன். பதினொரு பிள்ளைகளையும் இரண்டு பெண்கள் பெற்றார்கள் என்றதும் நம்பினேன், ஒருத்தியால் முடியுமென்று எனக்கும் தோன்றவில்லை. இன்று காலை அவளுக்காக அழுதேன்.’

நானும்தான், ஆபீஸ் கழிப்பறையில்.

27 ஜூலை

போட்டோ வந்திருக்கிறது. கல்லின் உச்சியில் பெரிய எழுத்தில் மார்கரீத் துவால். கணவன் அவளுக்குக் கீழேதான். பெரோனுக்கும் சான்சூசிக்கும் இடையில் இடமே இல்லாமல், மூன்று எழுத்தைப் பொடியாக நெருக்கி வெட்டியிருக்கிறார் அந்த மனிதர். சுற்றி அறுபது பேர் நிற்கிறார்கள்.

எலேன் எழுதியிருக்கிறார்: ‘எல்லோரும் முதலில் கேட்டது அந்தச் சின்ன எழுத்தைப் பற்றித்தான். திருவனந்தபுரத்தில் மங்கலம் என்று ஒரு பெண் இருக்கிறாள் என்று ஆரம்பித்தேன்.’