நான்கில் எது அம்மாவுக்கு?

பிப்ரவரி 4
விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு வழக்கமான துஆவை ஓதும்போது நடுவில் நின்றுவிட்டேன். இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம் – இவற்றிலிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேடுகிறோம். சின்ன வயதிலிருந்து கடகடவென்று ஒப்பிக்கிறேன். இயலாமையும் சோம்பலும் ஏன் தனித்தனியாக? இரண்டிலும் வேலை நடக்கப்போவதில்லையே!

பிப்ரவரி 5
விளக்கம் தேடிப் படித்தேன். முடியாமல் கிடப்பது இயலாமை; முடிந்தும் கிடப்பது சோம்பல். அட, பிசியோதெரபி அறையில் நாள் முழுக்க நான் இதைத்தானே கண்டுபிடிக்கிறேன்!

அப்படியானால் அம்மா எதில் சேர்த்தி? தன் வீட்டுக் குளியலறையில் விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து என் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை.

பிப்ரவரி 7
சோதித்துவிட்டேன். மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்க உண்மையிலேயே முயன்றால், மற்றக் காலின் குதிகால் தானாக மெத்தையை அழுத்தும். அம்மாவின் நல்ல குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, அடிபட்ட காலைத் தூக்கச் சொன்னேன். "தூக்குறேன், வரலையே" என்றாள். கையில் ஓர் அழுத்தமும் இல்லை.

"சோம்பல்தான், சந்தேகமே இல்ல" என்று கணவரிடம் சொன்னேன்.

"மாமியா? விழுறதுக்கு முந்தின நாள் பரண்ல ஏறி ஒட்டடை அடிச்சவங்க" என்று சிரித்தார்.

எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரிதான், அதனால்.

பிப்ரவரி 8
நோயாளிக்கு ஓர் இலக்கு வேண்டும் – எங்கள் தொழிலில் முதல் பாடம். எல்லோருக்கும் சொல்வதையே அம்மாவுக்கும் தினம் சொல்கிறேன்: "சீக்கிரம் நடந்துட்டா உன் வீட்டுக்குப் போயிடலாம்ல?" மற்றவர்களுக்கு முகம் மலரும். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஏன்?

பிப்ரவரி 11
அம்மாவிடமே சொல்லித் தொலைத்தேன். "உனக்கு இயலாமை இல்லம்மா, சோம்பல். துஆவுலயே வருதே."

"அந்த துஆவை நீ உனக்காகக் கேக்குறியா, என்னைத் திட்டுறதுக்குக் கேக்குறியா?"



பிப்ரவரி 12
ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் ஒருவர் இன்று வந்தார். அவருக்கும் குதிகால் அழுத்தவில்லை. "மனசு வெச்சுத் தூக்குங்கண்ணே" என்றேன். "கால் சரியாயிட்டா மறுபடி ஏணியில ஏறச் சொல்வாங்களேம்மா" என்றார்.

பஸ்ஸிலும் அதே யோசனை. துஆவில் சோம்பலுக்கு அடுத்த சொல் கோழைத்தனம். பயம். அம்மாவுக்கு எது ஏணி?

பிப்ரவரி 13
இன்று இலக்கை நான் சொல்லவில்லை. கேட்டேன். "நடந்தா முதல்ல எங்கம்மா போகணும்?"

"அடுப்படிக்கு."

"உன் வீட்டு அடுப்படிக்கா?"

"இந்த அடுப்படிக்குத்தான். உன் டீயைக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு." பிறகு சுவரைப் பார்த்தபடி: "அங்க விழுந்தப்போ கத்திக் கத்திக் கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல. நடந்துட்டேன்னா திருப்பி அங்கயே அனுப்பிடுவியே."

பாத்ரூமில் போய் அழுதேன். நடந்தால் தண்டனை என்றல்லவா தினமும் சொல்லியிருக்கிறேன்! பெரிய பிசியோதெரபிஸ்ட்!

பிப்ரவரி 14
'இங்கேயே இரு' என்று நேற்றே சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. அம்மா இருக்கும் அறையில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு கிளினிக் வைக்க ஆசை. சிகிச்சைக் கட்டிலுக்கு அளவுகூட எடுத்தாயிற்று.

கஞ்சத்தனம் என்றால் காசு விஷயம் என்றே நினைத்திருந்தேன். நாலாவது சொல்லை மட்டும் அம்மாவிடம் தேடவில்லை. நல்லவேளை.

பிப்ரவரி 15
"இது உன் ரூம்மா. நடந்தாலும் சரி, நடக்கலைன்னாலும் சரி."

அம்மா என் கையை இழுத்து நல்ல குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மற்றக் காலைத் தூக்கினாள். கை வலித்தது. யா அல்லாஹ், என்ன அழுத்தம்!

மார்ச் 9
அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் டீ போட்டாள். சர்க்கரை ரொம்பத் தூக்கல். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.