ஜெனிஷா அவிழ்த்துப் போட்ட காசு

சேசு மரி சூசை துணை

நெய்வேலி, 19ஆம் வட்டம்
12.8.2014

மகன் ஜெபினுக்கு அம்மா மார்த்தாள் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், துபாயில் நீயும் சுகமாக இரு. உன் தங்கை ஜெனிஷாவைச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் திட்டினால் டவர் இல்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியிடம் சொல்கிற பேச்சாடா அது? தாத்தா பாக்கியசாமி கம்மாபுரத்துக் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்த வெள்ளிக்காசு. கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர், லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவர். பின்பக்கத்து எழுத்தைக் கூட்டிப் படித்து, இது பாப்பரசரின் பட்டம், கையில் கிளையோடு உட்கார்ந்திருப்பவள் மாதா, முன்பக்கத்துத் தலை யாரோ புனிதர் என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் முழுகாமல் இருந்தாலும் பிரசவம் வரை இடுப்புக் கயிற்றில் அந்தக் காசுதான். உன்னைச் சுமந்தபோது நானும் கட்டியிருந்தேன். நீ கம்ப்யூட்டரில் பார்த்தாயாம், அந்தத் தலை திபேரியு சீசராம், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த காலத்து ரோமாபுரி ராஜாவாம், அந்தப் பட்டமும் பாப்பரசருக்கு முன்பே அவனுடையதாம், அந்தப் பெண் அவன் தாயாராக இருக்கலாமாம். சிரித்துக்கொண்டே சொன்னாயாமே! ஆண்டவர கொன்னவன் காசையா என் வயித்துல கட்டிவுட்டீங்கன்னு அழுதுகினே அவிழ்த்து எறிந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை, பிரஷர் ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். அப்பா மைன்ஸிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து அவள் கட்டில் பக்கமே உட்கார்ந்திருக்கிறார். படித்தால் மட்டும் போதுமா, எதை யாரிடம் எப்போது சொல்வது என்று தெரிய வேண்டாமா? முதலில் என்னிடம் சொன்னால் உன் வாய் வெந்தா போயிருக்கும்?

கட்டிலடியில் கிடந்த காசை நான்தான் பொறுக்கினேன். வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் சீசர் காசைக் கொண்டுவரச் சொல்லி, இது யார் உருவம் என்று ஆண்டவரே கேட்டாரே, தீட்டென்று தள்ளினாரா என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் சொன்னா ஒத்துக்கறேன்னு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னமும் உன் வாய்தான் அவளுக்கு வேதம். பயங்காட்டிய வாயாலேயே தைரியமும் சொல்.

நீ சொன்னது மெய்யென்றே இருக்கட்டும். அந்தப் பாவி ராஜா கூடத் தன் காசில் பெற்றவளுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறான். தங்கையிடம் சிரித்துப் பேச நேரமிருக்கிற நீ, இந்த அம்மாவோடு பேசி எத்தனை மாதமாகிறது?

மாதா உன்னைக் காக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். கடிதம் கண்டதும் தங்கைக்குப் போன் செய், மறக்காதே. அவள் திருப்பிக் கேட்கும்வரை காசை என் இடுப்பில் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
மார்த்தாள்