யூரியா பையில் கட்டிய கதிரை

அத்தான், இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னவன். பலாலியில் இருந்து விமானம் பறக்கும் என்று சொன்னேன், பறக்கிறது. நடக்க முடியாதவர்களும் அதில் ஏறிச் சென்னைக்குப் போவார்கள் என்று சொன்னேன், போகிறார்கள். மகளின் கலியாணத்துக்கு நீங்கள் உங்கள் சொந்தச் சில்லுக் கதிரையிலேயே போய் இறங்குவீர்கள் என்று, நீங்கள் கூரையால் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் கிழமையிலேயே சொன்னேன். அச்சுவேலிச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சாட்சி சொல்வார்கள். சொல்லாதவர்கள் அன்றைக்கு என் சைக்கிள் கடைப்பக்கம் வராதவர்கள்.

இன்று காலை உங்கள் கதிரையைக் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். புத்தூரில் நடக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுக்கப் போவதாகவும், அதற்கு முன் சில்லுகளைப் பார்த்து வைக்கும்படியும் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். வலப்பக்க ரியூப்பில் காற்று இல்லை. ஒட்டுப்போடச் சொலூசனைத் திறந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் வேலை ஓடவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி வதனி கனடாவில் இருந்து மூன்று தரம் போன் எடுத்துவிட்டாள். “மாமா, அப்பாவைப் பற்றிப் புளுகாமல் எழுதுங்கோ” என்றும் சொன்னாள். உங்கள் மகளுக்கு என்னைப் பற்றி ஏன் இப்படி ஒரு எண்ணமோ தெரியவில்லை. கையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் அந்தக் கதிரையை எந்த எஞ்சினியரும் செய்திருக்க மாட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்ததன் சில்லுகள் மெல்லியவை, உங்கள் வெங்காயத் தோட்டத்துச் செம்மண்ணில் புதைந்துவிடும். நான் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு சைக்கிள் சில்லுகளைப் பூட்டினேன். கையால் உருட்டும் வளையத்தைத் தண்ணீர்க் குழாயில் வளைத்து ஒட்டினேன். கால் வைக்க வேப்பம்பலகை. உழவு மெசினுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற் முழுவதும் அதற்குத்தான். ஜப்பான்காரர் ஒருவர் தெருவில் மோட்டார் வண்டியை நிறுத்தி அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் பருத்தித்துறைக்கு வழி கேட்கத்தான் நின்றவர் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். வழி கேட்டதும் உண்மை, படம் எடுத்ததும் உண்மை.

அதில் ஏறிய நாளில் இருந்து நீங்கள் யாரையும் தள்ள விட்டதில்லை. வரம்புக்கும் கோவிலுக்கும் உங்கள் கைகளே கொண்டுபோயின. வதனி கனடாவுக்குப் போனபோது நீங்கள் நடந்து திரிந்தவர். அதன்பின் அவள் போன் எடுக்கும்போதெல்லாம் முகம் மட்டும் தெரியும்படிதான் போனைப் பிடிப்பீர்கள். கலியாணம் சென்னையில் என்று முடிவானதும் கடைக்கு வந்து என்னிடம் ஒன்று மட்டும் சொன்னீர்கள். “மச்சான், பிள்ளை என்னைக் கதிரையிலை முதல்முதல் பாக்கேக்கை எனக்குப் பின்னாலை ஒருத்தரும் நிண்டு தள்ளக்கூடாது.”

அந்தப் பொறுப்பை நான் எடுத்தேன். அக்கா சேலை, நகை அலுவல்களுக்கு ஒரு கிழமை முன்பே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் புறப்பட்டோம்.

புறப்பட முதல்நாள் கதிரையை மடித்து, இரண்டு யூரியா பைகளைப் பிரித்து அதைச் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, மேலே நைலோன் கயிற்றால் வரிந்து கட்டினேன். வெளிநாட்டுக்கு மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு காயவைத்த ஒடியலும் அனுப்புகிறவர்கள் என்னிடம் வந்து பொதி கட்டுவித்துக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியும். இருபத்தேழு முடிச்சு. உங்கள் பெயர், வதனியின் பெயர், சென்னை விலாசம் எல்லாம் மார்க்கரால் நாலு பக்கமும் எழுதினேன். நீங்கள் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதைக் கட்டத்தான் வேணுமோ என்று கேட்டீர்கள். விமானக் கொம்பனிக்காரர் கொழும்பில் இருந்து போன் எடுத்துச் சொன்னவை, கட்டாத கதிரை ஏத்தமாட்டினமாம் என்றேன். அப்படியென்றால் சரி என்றீர்கள்.

பலாலியில் பயணப்பெட்டிகளை நிறுக்கும் இடத்தில் இருந்த பிள்ளை பொதியைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். கதிரை என்றேன். பற்றரி இருக்கோ என்றாள். பற்றரி இல்லை, இவருடைய கைதான் பற்றரி என்றேன். அவள் சிரிக்கவில்லை. கட்டாமல் கொண்டுவந்திருந்தால் விமானத்தின் படிவரைக்கும் ஐயா அதிலேயே போயிருக்கலாம், சென்னையில் இறங்கும்போதும் படியடியிலேயே எடுத்துத் தந்திருப்பார்கள், இப்போது இது பெட்டிகளோடுதான் போகும் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திவிட்டீர்கள். “கட்டச் சொன்னது உங்கடை ஆக்கள்தான், பிள்ளை. இவரிலை பிழை இல்லை.” அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே என்று அவள் இழுத்தாள். பின்னால் வரிசை நின்றது. அவிழ்க்க ஒரு கத்தியும் இல்லை. பொதி உள்ளே போய்விட்டது.

விமானம் சிறியது. இரண்டு பேர் உங்களை ஒடுக்கமான ஒரு கதிரையில் இருத்தி, பட்டியால் கட்டி, படியால் தூக்கி ஏற்றினார்கள். விமானி எழுந்து வந்து உங்களுக்குக் கைகொடுத்தார். அவர் தண்ணீர் கொடுக்கிற பெடியன் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். தொப்பி போட்டிருந்தவர், எனக்கு நல்ல ஞாபகம். கடலைத் தாண்டும்வரை கைகளை மடியில் வைத்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

சென்னையில் விமான நிலையத்துக் கதிரை ஒன்றோடு ஒரு தம்பி வந்தார். நீங்கள் ஏறி இருந்ததும் இரண்டு பக்கமும் கையை விட்டுத் தடவினீர்கள். உருட்ட வளையம் இல்லை. நாலும் சின்னச் சில்லுகள், பின்னால் ஒருவர் தள்ளினால் மட்டும் ஓடும் சாமான் அது. “நான் தள்றேன் சார், நீங்க சும்மா உக்காருங்க” என்றார் அந்தத் தம்பி. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பெட்டிகள் வரும் பட்டியைப் பார்த்தேன்.

பொதி பட்டியில் வரவில்லை. ஒரு அதிகாரி அதைத் தனியே வைத்துக்கொண்டு நின்றார். பை முழுவதும் யூரியா என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் ஊரில் யூரியா பை என்றால் பைதான், அதை யார் வாசிக்கிறார்கள்? ஸ்ரீலங்காவில் இருந்து உரம் கொண்டு வந்தீங்களா என்று கேட்டார். பத்து அதிகாரிகள் சூழ்ந்து நின்றார்கள். சரி, இரண்டு பேர். படம் பிடிக்கும் மெசினுக்குள் பொதியை இரண்டு தரம் அனுப்பினார்கள். சைக்கிள் சில்லு தெரிகிறது, கதிரை என்கிறீர்கள், எது உண்மை என்றார். இரண்டும் உண்மை என்றேன்.

பிறகு அவர் சொன்னார், பொதியைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கொண்டுபோங்கள், ஐயாவை இந்தத் தம்பி தள்ளிக்கொண்டு வருவார், வெளியில் போய் ஆறுதலாக அவிழ்க்கலாம் என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வதனி நிற்கிறாள். மாப்பிள்ளையும் அவருடைய தாய் தகப்பனும் நிற்கிறார்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். சத்தம் போடவில்லை. “இதை இஞ்சை அவிழ்க்காமல் நான் வெளியிலை போகமாட்டன்.” அதிகாரி என்னைத் திட்டத் தொடங்க, அவரிடமும் அதையே சொன்னீர்கள். கட்டச் சொன்னது கொம்பனிக்காரர், என்ரை மச்சானிலை பிழை இல்லை. அவர் போய்க் கத்தரிக்கோல் ஒன்று கொண்டுவந்தார். அது கடுதாசி வெட்டுகிற கத்தரிக்கோல், தையல் நூலை வெட்டியது, நைலோன் கயிற்றில் வழுக்கியது.

பொதியைத் தூக்கி மடியில் வைக்கச் சொன்னீர்கள். வைத்தோம். வருடம் வருடமாக வெங்காயப் பிடி கட்டிய விரல்கள். ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் கிளப்பி, தளர்த்தி, இழுத்தீர்கள். நான் உதவப்போனேன், கையைத் தட்டிவிட்டீர்கள். அந்தத் தம்பி ஒரு முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு, யார் சார் இவ்ளோ முடிச்சு போட்டது என்று கேட்டார். ஊரிலை கெட்டிக்காரன் ஒருத்தன் என்றீர்கள். எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பட்டி நின்றுவிட்டது. அக்கா வெளியில் இருந்து போன் எடுத்துக்கொண்டே இருந்தாள், எடுத்து என்ன சொல்வது என்று நான் எடுக்கவில்லை.

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது உங்கள் பெருவிரல் நகத்தடியில் இரத்தம். கதிரையை விரித்து உங்களை ஏற்றினோம். உடுப்பை இழுத்துச் சரிசெய்தீர்கள். பிறகு என்னையும் அந்தத் தம்பியையும் பத்தடி பின்னால் வரச் சொல்லிவிட்டு, கதவு திறக்க, நீங்களாகவே உருட்டிக்கொண்டு வெளியே போனீர்கள்.

வதனி ஓடி வந்தாள். வந்தவள் நேரே கதிரைக்குப் பின்னால் தள்ளத்தான் போனாள். நீங்கள் ஒரு கையைத் தூக்கினீர்கள். “நில் பிள்ளை. நான் வாறன்.” அவள் நின்றாள். நீங்கள் அவளைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, அவளுக்கு நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அவள் அழுதாள். நீங்கள் அழவில்லை, மூச்சு வாங்கினீர்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் குனிந்து சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டார். கனடாவில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், பளபளக்கும் சப்பாத்து. அத்தான், அச்சுவேலி முழுக்கச் சொல்லித் திரிந்த கதையை அந்த ஒரு இடத்தில் நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். “வாங்கேல்லை. என்ரை மச்சான் செய்தது.” அவர் நிமிர்ந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும், அந்தக் கொம்பனிக்காரன் சரியாகச் சொல்லியிருந்தால் பிள்ளையை ஒரு மணித்தியாலம் காக்க வைத்திருக்கத் தேவையில்லை என்று வருகிறவர்களிடம் சொல்வீர்கள். அவனைத் திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டினேன். உங்களைவிடக் கூடத் திட்டினேன்.

வதனி இதை அச்சுக்குக் கொடுக்கப் போகிறாள். அதனால் எழுதித்தான் ஆகவேண்டும். இதில் உள்ளதெல்லாம் உண்மை, விமானிகூட உண்மை. கொழும்பில் இருந்து வந்த போன் மட்டும் வரவில்லை. யாரும் கட்டச் சொல்லவில்லை. பச்சைப் பெயின்றும் சைக்கிள் சில்லும் வேப்பம்பலகையுமாக அது மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்து நிற்பதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, மூடித் தைத்துவிட்டேன். என்னில் பிழை இல்லை என்று நீங்கள் இரண்டு பேரிடம் சொன்னீர்கள். நீங்கள் சொன்ன அதை மட்டும் நான் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.