நம் களத்தைப் பார்த்து அறுத்தவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது பொய். அதனால் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, என் பக்கத்தில்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், ஆனால் தூங்குவது ஆஸ்பத்திரிக் கட்டிலில். இதைப் படித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதே, உட்கார்ந்து முழுதும் படி. டூட்டியில் இருக்கும்போது நீ போனை எடுக்க மாட்டாய், எனக்கோ அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தத் தெரியாது, அதனால் காகிதத்தில் எழுதி நர்ஸம்மாவிடம் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நல்ல பெண், உடனே சரி என்றாள், எழுத்தை மட்டும் கோழி கிளறினது போல எழுதாதீங்கம்மா என்றாள். வார்டுக்குள் சத்தம் போட்டுப் பேசவும் கூடாது. பேசினாலும் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கத்துவேன், விஷயம் போய்ச் சேராது.

அப்பாவுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் புடைப்பு தெரிந்து வெகுநாளாகிறது, வாய்வு என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினார், கடைசியில் நான் போட்ட சண்டையில்தான் டாக்டரிடம் வந்தார். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லித் தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான், யாரிடமும் மூச்சு விடக் கூடாது, அதிலும் மகளிடமும் தங்கச்சியிடமும் விடவே கூடாது என்றார். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாயாம், உன் அத்தை அழுதே தெருவைக் கூட்டிவிடுவாளாம். அதெல்லாம் சாக்கு, இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்ல அந்த மனிதருக்கு வெட்கம், அவ்வளவுதான். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தேதிக்கு முன்னால் மக்காச்சோளத்தை அறுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து அறுப்பு மெஷினுக்குச் சொன்னார், மணி ஈரமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே மில்லில் மணியைச் சூடுகாட்டி உலர்த்தும் டிரையருக்கும் முறை வாங்கி வைத்தார்.

அந்த வாரம் நீ விவசாயிகளுக்கு அனுப்பிய அறிவிப்பு உனக்கே ஞாபகம் இருக்கும். வறண்ட வானிலை, அவசரப்பட வேண்டாம், ஈரம் குறையும்வரை கதிர் செடியிலேயே இருக்கட்டும் என்று போட்டிருந்தாய். தெரு முழுக்க எல்லோர் போனிலும் அது வந்தது. அது வந்த மறுநாள் காலையில் நம் வயலில் மெஷின் இறங்குகிறது. நீயே யோசித்துப் பார், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். நீ அந்த வானிலை ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து நம் வீட்டுக் களத்தின் மேல் தெருவுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. நான் துணியை உள்ளே எடுத்தால் எதிர்வீட்டிலும் எடுப்பார்கள், அப்பா தார்ப்பாயை உதறினால் நாலு வீட்டில் தார்ப்பாய் உதறும் சத்தம் கேட்கும். ஆபீசில் எழுதுவதற்கு மேல் ஒரு வார்த்தை வீட்டில் சொல்லாதவள் நீ, சொல்லக் கூடாது என்பது உன் சட்டம், நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த சட்டம். அதை யார் நம்புகிறார்கள்? ஊர்ச் செய்தியெல்லாம் ஒலிபரப்புகிற எதிர்வீட்டு ரேடியோக்காரர் தெருமுனையில் நின்று, அறிவிப்பு கிடக்கட்டும், ஊருக்கு ஒன்னு வீட்டுக்கு ஒன்னு சொல்லுது அந்தப் பொண்ணு, அவங்க களத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க என்றாராம். நம் வயலை முடித்த மெஷின் தெருவை விட்டுப் போகவே இல்லை, ஒவ்வொருவராக மடக்கி மடக்கித் தங்கள் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

உன் அத்தை மட்டும் நேராக வந்து கேட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், பின்வாசலில் நின்று, அண்ணி, பொண்ணு ஏதாவது சொன்னாளா, எனக்கு இருக்கிறது அந்த ஒரு வயல்தான் என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உண்மையான காரணத்தைச் சொல்ல வாய் கட்டியிருக்கிறது. எனக்கு ஒன்னும் தெரியாதும்மா, உங்க அண்ணனைக் கேளு என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தேன். மழுப்புகிற சிரிப்பு. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, சரி அண்ணி, புரிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் அவள் வயலிலும் மெஷின். பச்சை மணி, கையில் அள்ளினால் சில்லென்று இருக்கிறது, டிரையருக்கு அவளிடம் முறை கிடையாது, மில் வாசலில் தெருவே வரிசையில் நிற்கிறது. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அப்புறம் உன் அறிவிப்பு மாறியது. பிற்பகலில் இடியோடு மழைக்கு வாய்ப்பு, நாற்பது சதவீதம் என்று வந்தது. மழைல நாப்பது சதவீதம் நனைய முடியுமாடி என்று உன் அப்பா என்னிடம் கேட்டார், அந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல். உன்மேல் குறை சொல்லவில்லை, தெரிந்ததைத்தானே நீ சொல்ல முடியும். ஆனால் ஈர மணியை மூடியே வைத்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும், திறந்தால் மழை. மதியம்வரை காயட்டும் என்று நேற்றுக் காலையில் தார்ப்பாயை விலக்கினார். நான் வாசலில் நின்று பார்க்கிறேன், ஒவ்வொரு களத்திலும் எங்களைப் பார்த்துக்கொண்டே தார்ப்பாயை இழுக்கிறார்கள். உன் அத்தையும் இழுத்தாள். இழுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

மதியச் சாப்பாட்டில் கை வைத்திருப்போம், காற்று எழுந்தது. சின்னக் காற்று இல்லை, உன் அறைக் கதவு ஈரத்தில் ஊதிப்போய் இத்தனை நாளாகச் சாத்தவே வரவில்லை, அது தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. ஓடினோம். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், உன் அப்பா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து எம்பி இழுத்தவர் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, வாந்தி எடுத்து, பேச்சு வரவில்லை. எனக்கு அப்போது ரகசியமும் தெரியவில்லை சத்தியமும் தெரியவில்லை. இவருக்கு ஆபரேஷன், அதுக்குத்தான் அறுத்தோம், மழைக்காக அறுக்கல, எம்பொண்ணு எதுவும் சொல்லல என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். எல்லாக் களத்திலும் ஆட்கள் தார்ப்பாயும் கையுமாக அப்படியே நின்றார்கள். ரேடியோக்காரர் வாயைத் திறந்தும் பேச்சு வராமல் நின்றதை நான் பார்த்தது நேற்றுத்தான். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான், அவர் களத்தை அவர் மனைவி ஒண்டியாக மூடினாள்.

உன் அத்தை அதற்குள் வந்துவிட்டாள். அவள் வந்ததை நான் பார்க்கவில்லை, அண்ணா அண்ணா என்ற குரல்தான் கேட்டது. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தாள், திரும்பிப் போய் நம் தார்ப்பாயை மூலைக்கு மூலை இழுத்துக் கல் வைத்தாள், தண்ணீர் உள்ளே போகாமல் சுற்றிலும் சாக்கை அணைத்து வைத்தாள். முதல் துளி விழும்போது நம் சோளம் மூடியிருந்தது. வண்டி திரும்பும்போதுதான் அவள் களம் என் கண்ணில் பட்டது. தார்ப்பாய் மடித்தது மடித்தபடி ஓரத்தில் இருக்கிறது, மஞ்சள் மணி முழுக்க வெட்டவெளியில் நனைகிறது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, மடியில் உன் அப்பா.

குடல் சிக்கிக்கொண்டதாம், இன்னும் தாமதித்திருந்தால் அழுகியிருக்கும் என்றார் டாக்டர். வந்த உடனே ஆபரேஷன் செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. விடியும் முன்னால் மயக்கம் தெளிந்ததும் என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கவில்லை, தங்கச்சி சோளம் என்னாச்சு என்றார். நனைஞ்சுபோச்சு என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, இன்னைக்குச் சாயங்காலம் நம்ம டிரையர் முறைல அவ சோளத்தை ஏத்தச் சொல்லு, நம்முது எப்படியோ போகட்டும் என்றார். சரி என்று டிராக்டர்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

காலையில் அத்தை வந்தாள். வார்டு வாசலிலேயே நின்று, தூங்குகிறவரைப் பார்த்தாள். உட்காரு என்றால் உட்காரவில்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு அண்ணி, எனக்கு மட்டும் தெரியல என்றாள். எனக்கும் இவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது, பெற்ற பெண்ணுக்கே சொல்லவில்லை என்றேன். தினம் போன்ல பேசுற பொண்ணுக்குத் தெரியாதா, மழைதான் சொல்லக் கூடாத சமாச்சாரம், இதுவுமா, நான் என்ன வேத்தாளா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அதற்காக என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் நான் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். டிராக்டர்காரர் இப்போதுதான் பேசினார், அக்கா, உங்க நாத்தனார் களத்துல நிக்கிறேன், எங்க அண்ணன் சோளத்தை ஏத்து, என்னோடதைத் தொடாதேங்கறாங்க, நான் என்னதான் பண்ண என்கிறார். அங்கே நனைந்த மணி சூடேற ஆரம்பித்துவிட்டதாம், கையை விட்டால் தெரிகிறதாம். சாயங்காலம் ஏற்றாவிட்டால் முளை விட்டுவிடும், அப்புறம் மாட்டுக்குக்கூட ஆகாது. இதற்கிடையில் இன்றைய அறிவிப்பும் வந்துவிட்டது, இரவு மறுபடி மழை என்று போட்டிருக்கிறாய். நீ எழுதியது பொய்யாகப் போகட்டும் என்று இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன், உன்னைப் பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது.

நான் சொன்னால் அவள் நம்பப் போவதில்லை, என் சிரிப்பை ஒரு தடவை நம்பி அவள் பட்டது போதும். அப்பா பேச எழுந்திருக்க இன்னும் நேரமாகும். நீ பேசினால்தான் உண்டு. டூட்டி முடிந்து இதைப் பார்த்ததும் எனக்குப் பேசாதே, அப்பாவுக்கும் பேசாதே. முதலில் அத்தைக்குப் போடு. மழையைப் பற்றி அவள் கேட்க மாட்டாள், நீயும் எடுக்காதே. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று எனக்கு இப்போதுதான் தெரியும் அத்தை என்று மட்டும் சொல். படிக்கும்போதே என்மேல் உனக்குக் கோபம் வந்திருக்கும், வந்திருக்க வேண்டும், அதை ஆற விடாதே, முகம் கழுவிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசலாம் என்று உட்காராதே. எங்க அம்மா இப்படிப் பண்ணிட்டாங்களே என்று அவளிடம் என்னைத் திட்டு, நன்றாகத் திட்டு. உன் குரலில் அந்தக் கோபத்தைக் கேட்டால்தான் உனக்கும் தெரியாது என்று அவள் நம்புவாள், நம்பினால் சோளத்தை ஏற்ற விடுவாள்.

எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. நலமாக இரு. டிராக்டர்காரர் பொழுது சாயும்வரைதான் நிற்பேன் என்றிருக்கிறார், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அம்மா