ஆண்டிபட்டிக்காரர்கள் கேட்ட கேள்வி

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். மேகமலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

தேனியில் வாங்க வேண்டியவை: தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர், சளி உறிஞ்சும் குழாய், டயப்பர், மதினிக்குத் தைலம். என் கண்ணாடிக்கு மூக்குத் தாங்கி.

எல்லாம் வாங்கினேன், கண்ணாடியை மறந்துவிட்டேன்.

புது டாக்டர், சின்னப் பையன். சரவணனைப் பற்றி முதலிலிருந்து கேட்டான், ஒப்பித்தேன். அண்ணன் மகன். வயது பதினாறு. ஒன்பது வயதுவரை தோப்பில் மரம் ஏறியவன். பிறகு கால் தடுமாறியது, பேச்சு குழறியது. இப்போது கண் கீழே இறங்காது, தட்டைப் பார்க்கத் தலையையே குனிய வேண்டும். தண்ணீர் குடித்தால் புரையேறும். சிரித்தால் உடம்பு தொய்ந்து விழுந்துவிடுவான்.

"சிரிச்சா விழுவானா?" எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

ஆமாம். அதனால் அண்ணன் வீட்டில் யாரும் வேடிக்கை பேசுவதில்லை. ஒரு பையனைச் சிரிக்கவிடாமல் வளர்ப்பதுதான் எங்கள் வைத்தியம். இதைச் சொல்லவில்லை.

"நீங்களும் டாக்டரா மேடம்?" என்றான். ஆராய்ச்சி டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றேன். வழக்கமான பாட்டு.

திரும்பும்போது பஸ்ஸில் ஏலக்காய் மூட்டை வாசனை. தலைவலி.

நவம்பர் 19, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் கயலைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆண்டிபட்டிப் பக்கம், மானாவாரிக் குடும்பம். பையன் பாலிடெக்னிக்கில் வாத்தியார். கயலும் சின்னமனூரில் கணக்கு டீச்சர். பொருத்தமான இடம்தான்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "ரெண்டு இடம் வந்தாக செல்வி. ரெண்டு பேரும் கேட்டது ஒண்ணுதான். அத்தை மகன் கல்லு மாதிரி இருக்கையில எதுக்கு வெளிய குடுக்குறீகன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

அத்தை நான்தான். கல்லு மாதிரி இருப்பவன் என் மகன் அருண்.

இங்கே கணக்கு எளிது. முதல் உரிமை அத்தை மகனுக்கு. உரிமைக்காரனே வேண்டாம் என்றால் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது. அத்தைக்குத் தெரியாத குறையா? வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் கணக்கு வேறு. அண்ணனும் மதினியும் அத்தை மகன், மாமன் மகள். அண்ணன், மதினி, கயல், நான், அருண்: ஐந்து பேர் இரத்தத்தையும் சோதித்தாயிற்று. ஐந்து பேரிடமும் அந்தக் கெட்ட ஜீன் ஒரு பிரதி. ஒன்று மட்டும் இருந்தால் ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது. இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் சரவணன். கயல் வெளியில் கட்டினால் பயம் கிட்டத்தட்ட இல்லை. அருணைக் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும்.

அண்ணனிடம் படம் போட்டே விளக்கினேன், போன வருஷம். "நாங்க கட்டுன முறையில என்ன தப்பு? ஊர்ல எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காக. எல்லா வீட்டுலயுமா படுத்துக் கெடக்கு?" என்றார். பதில் இருந்தது. சொன்னால் மதினி தூக்கில் தொங்குவாள் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

அருண் போனில்: "கயல் எனக்குத் தங்கச்சி மாதிரின்னு நானே சொல்லிடவாம்மா?" முறைப்பெண்ணைத் தங்கச்சி என்றால் செருப்பைக் கழற்றுவார்கள். பெங்களூரில் பிள்ளை வளர்த்த லட்சணம்.

சாயங்காலம் கயல் மாடிக்கு வந்தாள். துணி எடுக்கிற சாக்கில். "மறைச்சுக் கட்டி வச்சிராதீக அத்தை. அவரைத் தனியாக் கூப்பிட்டு நீங்களே வெவரத்தச் சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் பயப்படாமக் கேப்பாக."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல பெண். என் மருமகளாக வந்திருந்தால் எவ்வளவு சந்தோஷம். இதை எழுதும்போதே கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

காலையில் நிவேதா பேசினாள், பெங்களூரில் என் ஆய்வகத்திலிருந்து. குரலிலேயே தெரிந்துவிட்டது.

"மேடம், கன்ட்ரோல் தட்டுலயும் அதே மாதிரி க்ளியர் ஆகியிருக்கு."

அதாவது, சரவணன் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். அதில் நாங்கள் நம்பிக்கொண்டிருந்த மருந்துப் பொருளைப் போட்டால், தேங்கிய கொலஸ்ட்ரால் குறைந்தது. ஆடாத குறை. இப்போது மருந்து போடாமல், மருந்தைக் கரைக்கிற திரவத்தை மட்டும் விட்ட தட்டிலும் அதே அளவு குறைந்திருக்கிறது. குறைத்தது மருந்து இல்லை, திரவம். அந்தத் திரவத்தை மனுஷனுக்கு இந்த அளவில் கொடுக்க முடியாது.

"திரும்பப் பண்ணிப் பாக்கட்டுமா மேடம்?"

பண்ணு என்றேன். என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும்.

பி.எச்டி.யில் ஈஸ்ட்டில் ஆரம்பித்தது. செல்லுக்குள் ஒரு சவ்விலிருந்து அடுத்த சவ்வுக்குக் கொழுப்பு எப்படிப் போய்ச் சேருகிறது? நடுவில் தண்ணீர், கொழுப்பு அதில் இறங்காது. ஒரு புரதம் உள்ளங்கையில் பொத்தி எடுத்துப்போய் அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். குழாயில் இரண்டு வகைக் குமிழ்கள், ஒன்றில் ஒளிரும் கொழுப்பு. புரதத்தை விட்டதும் திரையில் கோடு மெல்ல ஏறும். முதல் தடவை ஏறியபோது பக்கத்து மேஜைக்காரியைக் கட்டிப்பிடித்தேன். அதற்குப் பிறகு வாழ்க்கை முழுக்க அந்தக் கோடுதான். யாருக்கும் பயன் இல்லை என்றுகூட அப்போது தோன்றவில்லை. அழகாக இருந்தது, போதும்.

பிறகு சரவணனுக்கு நோய் தெரிந்தது. செல்லின் குப்பைத்தொட்டியிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே கைமாற்றிவிடும் புரதம் அவனிடம் கோணல். நான் அதுவரை பார்த்தது அதற்குப் பக்கத்து வீட்டுப் புரதம். ஆய்வகத்தையே இந்தப் பக்கம் திருப்பினேன். கூட இருந்தவர்கள் இரண்டு பேர் விலகிப் போனார்கள். ஊரில் எல்லோருக்கும் நான் இவனுக்காகவே படித்தவள்.

மதினி அடுப்படியிலிருந்து: "லேப்புல இருந்தா? மருந்து வந்துருச்சா?"

"இன்னும் பாக்கணும் மதினி."

மத்தியானம் சாப்பிடவில்லை.

நவம்பர் 22, சனி

காலையில் அண்ணன் குச்சனூர் போனார். சனிக்கிழமை தவறுவதில்லை. எள் விளக்கு, காக்கைக்குச் சோறு. திரும்பி வந்து வேட்டியை உதறியபடி, "ஒன் மருந்தும் வரல, என் சனீஸ்வரனும் மனசு எறங்கல. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கேலி இல்லை. கொஞ்சம் பிரியமாகத்தான் சொன்னார்.

பகலில் சரவணனுக்குப் பலமாகப் புரையேறியது. உதடு நீலமாகிவிட்டது. மதினி குழாய் போட்டுச் சளி எடுத்தாள், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். தேனி டாக்டர் போனில் சொன்னது: இனி வாய் வழியாக வேண்டாம், வயிற்றில் குழாய் வைத்துவிடலாம், வியாழக்கிழமை கூட்டி வாருங்கள்.

மதினி கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்: "தையிலயே முடிச்சிரணும் செல்வி. அவன் இருக்கும்போதே. ஒண்ணு ஆகிப்போச்சுன்னா வருஷம் கழியாம நல்ல காரியம் பேசமாட்டாக. இவளுக்கும் வயசு ஏறுது."

ஒரு தாய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சாம்பலை எடுத்துக் கொடுத்தேன்.

இரவு மழை. தண்ணீர் வண்டிக்காரன் நாளைக்கு வரமாட்டானாம்.

நவம்பர் 23, ஞாயிறு

வந்தார்கள். பையன், அவன் அம்மா, பெரியப்பா, அக்கா. இரண்டு சீப்பு வாழைப்பழம், பூ.

பையன் நல்ல மாதிரி. கயலிடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவியல் ஏறுகிறதா என்று கேட்டான். அவள், "ஏறாது, ஏத்தணும்" என்றாள். எனக்குப் பிடித்துவிட்டது. காபி முடிந்ததும் இவனைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிவிட வேண்டியது என்று நினைத்துக்கொண்டேன். வாக்கியங்கள்கூடத் தயார்: பயப்பட ஒன்றுமில்லை, நீங்களும் ஒரு சோதனை செய்துகொண்டால் போதும்.

பெரியப்பா அந்தக் கேள்வியை எடுத்தார். "முறைமாப்பிள்ளை இருக்காகளாமே?"

என் மகனுக்கு பெங்களூரிலேயே ஒரு பெண்ணைப் பேசியாயிற்று என்றேன். பொய். உரிமையை விட்டதற்கு அடையாளமாக வெற்றிலை பாக்கை அருண் சார்பில் நானே எடுத்துக் கொடுத்தேன். குறை பெண்ணிடம் இல்லை, அத்தையிடம்தான் என்றானதில் அவர்களுக்குத் திருப்தி. பெரியப்பா, "படிச்ச புள்ளைக அப்படித்தான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அப்போது உள்ளறையில் சரவணன் இருமினான். திரை விலகியிருந்தது. பையனின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பிக்கு என்ன?"

அண்ணன் நிமிராமல், "சின்னப் புள்ளையில காய்ச்சல் கண்டுச்சு. மூளைக்கு ஏறிருச்சு."

அந்தம்மா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பெங்களூர்ல நீங்க பெரிய டாக்டர்னு சொன்னாக. நீங்க சொன்னாச் சரி. காய்ச்சல்தானா? வேற, ரத்தத்துல குடும்பத்துல அப்படி ஏதும்..."

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையனிடம் சொல்லத்தான் தயாராக இருந்தேன். கேட்டது அவன் இல்லை. கூடத்தில், எல்லோர் முன்னாலும், ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் வேண்டும். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்தான்" என்றேன்.

"அப்பச் சரி. காய்ச்சல் எந்த வீட்டுலதான் வரல."

பூ வைத்தார்கள். தை என்று பேசினார்கள். கயல் தலைகுனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது என்னை ஒரு தடவை பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் தன் கையாலேயே எனக்குச் சோறு போட்டார். பல வருஷம் ஆயிற்று இப்படி.

கயல் சாப்பிடவில்லை. டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு அவருக்கு நானே போன் போட்டுச் சொல்லிருவேன்த்தை. என்ன ஆனாலும் ஆகட்டும்."

தடுக்க எனக்கு என்ன யோக்கியதை. வெட்கமாக இருக்கிறது. அதே சமயம், அவள் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றும் இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

மழை வெறித்துவிட்டது. துணி காயும்.

நிவேதா செய்தி: திரும்பச் செய்ததிலும் அதேதான்.

கயல் பள்ளிக்குப் போய்விட்டாள். போனை எடுத்துக்கொண்டு. அண்ணன் தோட்டத்தில், கல்யாணப் பந்தலுக்கு எந்த வாழையை விடுவது என்று பார்க்கப் போயிருக்கிறார்.

சரவணனுக்கு நான் ஊட்டினேன். கெட்டியான கேப்பைக் கூழ், கால் ஸ்பூன் கால் ஸ்பூனாக. வியாழனுக்குப் பிறகு இதுவும் இல்லை. இந்த வீட்டில் அவனிடம் பொய் சொல்லாதவள் நான் ஒருத்திதான். நோய் தெரிந்த வருஷமே சிலேட்டில் செல் வரைந்து, குப்பைத்தொட்டி வரைந்து, மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு இவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

இன்று ஏதோ சொல்ல முயன்றான். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்க வேண்டும்.

"நேத்து... கேட்டேன்... அத்தை."

என்ன கேட்டாய் என்றேன்.

"எனக்கு... வெறும் காய்ச்சலா?"

முகம் மலர்ந்திருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு.

"அப்பச்... சரியாப் போயிரும்ல?"

வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். அடுத்த ஸ்பூன் கொடுத்தேன்.